சிஎன்சி லேத்தில் பார் ஃபீடர்: முதல் செட்டிங்கிலிருந்து இரண்டாவது பார் ஏறும் வரை

பார் ஃபீடரில், அதாவது நீளமான உலோகத் தண்டை (பாரை) லேத்துக்குத் தானாக ஊட்டும் சாதனத்தில், புதிதாக வேலை தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது புரோகிராமைப் பற்றித்தான். எந்த எம் கோடு (மெஷினுக்கான கட்டளை எண்), எந்த வரியில் போடுவது என்று. ஆனால் புரோகிராம் என்னவோ பத்துப் பதினைந்து வரிதான். பார் பாதியில் சிக்கிக்கொள்வது, ஜாப் (செய்தெடுக்கும் பாகம்) நீளம் கூடிக் குறைவது, பின்பக்கம் தடதடவென்று அதிர்வது எல்லாம் பெரும்பாலும் பாரின் முனையிலும், அதைச் சுற்றி இருக்கும் லைனர் குழாயிலும் பிறக்கிற தொல்லைகள். அதனால் இங்கே புரோகிராம் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குறிப்பு: கோடுகளை உச்சரிக்கிறபடியே எழுதியிருக்கிறேன். இசட் என்றால் நீளவாட்டு அச்சு, எக்ஸ் என்றால் குறுக்கு அச்சு. கன்ட்ரோலில் தட்டும்போது அதற்குரிய எழுத்தைத் தட்டுங்கள். எடுத்துக்காட்டுகள் ஃபனுக் கன்ட்ரோலின் பாணியில் இருக்கும்.

உங்களிடம் இருப்பது எந்த வகை?

குட்டை ஃபீடரில் முழு பாரும் ஸ்பிண்டிலுக்குள்ளேயே (லேத்தின் சுழலும் துளைத்தண்டு) அடங்கிவிடும். பின்னாலிருந்து ஒரு தள்ளுதண்டு பாரை முன்னே தள்ளும். பார் தீர்ந்ததும் தட்டிலிருந்து அடுத்தது உருண்டு வந்து உட்காரும். மிஞ்சிய எண்ட் பிட்டைப் புது பாரே முன்பக்கமாகத் தள்ளி விழவைத்துவிடும்.

நீள ஃபீடர் வேறு மாதிரி. 3 மீட்டர், 4 மீட்டர் பார் ஒரு நீண்ட கால்வாயில் கிடக்கும். பல மாடல்களில் அந்தக் கால்வாயில் எண்ணெய் நிரம்பியிருக்கும். பார் சுழலும்போது எண்ணெய்ப் படலம் அதைத் தாங்கும். தள்ளுதண்டின் நுனியில் இருக்கும் சின்ன காலெட் (பிளவுள்ள பிடிப்பு வளையம்) பாரின் வாலைக் கவ்விக்கொண்டு அதோடு சேர்ந்து சுழலும். எண்ட் பிட் பின்பக்கமாக இழுக்கப்பட்டு ஃபீடரின் தட்டில் விழும்.

மூன்றாவதாக பார் புல்லர் என்று ஒன்று உண்டு. டூல்களைத் தாங்கும் டரட்டில் ஒரு டூல் மாதிரி மாட்டி, பாரைப் பிடித்து இழுத்துக்கொள்வது. மலிவானது, சின்ன ஆர்டருக்குப் போதும். அடுத்த பாரை மட்டும் நீங்கள்தான் கையால் போட வேண்டும்.

குட்டை ஃபீடரில் ஒரு விதியை எந்தக் காரணத்துக்காகவும் மீறக் கூடாது. பார் ஸ்பிண்டிலின் பின்முனையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. "ஒரு சாண்தானே, மெதுவாக ஓட்டிக்கலாம்" என்று தோன்றும். தாங்கலில்லாத முனை கொஞ்சம் விலகினாலே மையவிலக்கு விசை அதை இன்னும் வளைக்கும். வளைய வளைய விசையும் ஏறும். வேகம் இரட்டிப்பானால் அந்த விசை நான்கு மடங்கு. ஒரு கணத்தில் பார் செங்கோணமாக மடங்கி, சுற்றிலும் இருப்பதை அடித்து நொறுக்கிவிடும். லேத் ஓடும்போது ஸ்பிண்டிலின் பின்பக்கம் யாரும் நிற்கவும் கூடாது.

பாரைத் தயார் செய்வது

முதலில் பார் நேராக இருக்கிறதா என்பது. மீட்டருக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் வளைவு இருந்தால் அந்த பாரை ஒதுக்கிவிடுங்கள். சமதளமான மேசையில் உருட்டிப் பார்த்தாலே கோணல் தெரிந்துவிடும். கோணல் பாரை ஓட்டி அதிர்வைக் குறைக்க வேகத்தைக் குறைத்து, ஃபினிஷ் கெட்டு, பிறகு இன்சர்ட்டை (டூலின் வெட்டு முனை) குறை சொல்வது பல இடங்களில் நடக்கிறது.

அடுத்து விட்டம். லேத்தில் பாரைப் பிடிக்கும் காலெட் திறக்கும் தூரம் மிகக் குறைவு. அதனால் இழுத்து மெருகேற்றிய பிரைட் பார்தான் அதற்குச் சரி. ஹாட் ரோல் செய்த கறுப்பு பாரில் அளவும் வட்டமும் இடத்துக்கு இடம் மாறும். அதற்கு மூன்று தாடைகளால் பிடிக்கும் மூன்று ஜா சக்தான் தோது. கட்டு பிரித்ததும் நாலைந்து பாரை மைக்ரோமீட்டரில் அளந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு முனைகள். இரண்டு பக்கமும் சாம்ஃபர் (சரிவாகச் சீவிய ஓரம்) வேண்டும். முன்முனையில் இல்லாவிட்டால் பார் காலெட்டின் வாயில் முட்டி நிற்கும். நீள ஃபீடரில் பின்முனையில் இல்லாவிட்டால் தள்ளுதண்டின் காலெட் பாரைக் கவ்வாது. ரம்பத்தில் அறுத்த பர்ரோடு (பிசிறோடு) அப்படியே தட்டில் அடுக்கிவிட்டு இரவு ஷிப்டை விட்டுப் போனால், காலையில் வந்து பார்க்கும்போது மூன்று ஜாப்போடு மெஷின் நின்றிருக்கும். கிரைண்டரில் முனைக்கு அரை நிமிடம் போதும்.

லைனர்

எவ்வளவு பெரிய பார் போடலாம் என்பதை ஸ்பிண்டில் துளை தீர்மானிப்பதில்லை. சக்கை இழுக்கும் டிரா டியூபின் உள்விட்டம்தான் தீர்மானிக்கிறது. இதைக் கவனிக்காமல் பார் வாங்கிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

டிரா டியூபுக்கும் பாருக்கும் நடுவே இருக்கும் காலி இடத்தை நிரப்புவதுதான் லைனர். லைனரின் உள்விட்டம் பாரைவிட 1 முதல் 2 மில்லிமீட்டர் பெரிதாக இருந்தால் போதும். அதற்கு மேல் தளர்வாக இருந்தால் பார் உள்ளே கிடந்து ஆடும். மிக இறுக்கமாக இருந்தால் கொஞ்சம் வளைந்த பார்கூட மாட்டிக்கொள்ளும். "25-க்குப் போட்ட லைனர் 20-க்கும் ஓடும்" என்று யாராவது சொன்னால் ஓடும்தான், சத்தத்தோடு.

அறுகோண பாருக்கு முனைக்கு முனை அளவைத்தான் எடுக்க வேண்டும். தட்டைப் பக்கங்களுக்கு இடையே 22 என்றால், அதை 1.155 ஆல் பெருக்குங்கள். முனைக்கு முனை 25.4 வரும். லைனர் அதற்குத்தான். தவிர, அறுகோணம் காலெட்டுக்குள் நுழையும்போது இரண்டின் பக்கங்களும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பிண்டிலை ஒரு கோணத்தில் நிறுத்திப் பிடிக்கும் வசதி மெஷினில் இருக்கிறதா என்று ஆர்டர் எடுக்கும் முன்பே பாருங்கள்.

லைனர் மாற்றும்போது மெஷின், ஃபீடர் இரண்டின் மின்சாரத்தையும் அணைத்துப் பூட்டிவிடுங்கள். கை உள்ளே இருக்கும்போது ஒருவர் விஷயம் தெரியாமல் சுவிட்சைப் போட்டால் முடிந்தது கதை.

நேர்க்கோட்டில் நிறுத்துவது

முதலில் லேத் லெவலில் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபீடரை அதற்குத்தான் ஒத்துவைக்கப் போகிறோம், லேத்தே சாய்ந்திருந்தால் எல்லாம் வீண். சக்கின் மையத்திலிருந்து ஃபீடரின் கடைசி வரை மெல்லிய நூலை இழுத்துக் கட்டியோ லேசர் வைத்தோ உயரம், பக்கவாட்டு இரண்டையும் சரிபாருங்கள். ஃபீடரின் முன்காலில் மட்டும் பார்த்து விடாதீர்கள். முன்பக்கம் சரியாக இருந்து பின்பக்கம் 5 மில்லிமீட்டர் விலகியிருப்பதுதான் அடிக்கடி காணும் கோளாறு. சரியானதும் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்கி, இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள். இறுக்கும்போது நகர்ந்திருக்கும்.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று: காலெட்டைத் திறந்து வைத்து, நல்ல நேரான பார் ஒன்றைப் பின்னாலிருந்து கையாலேயே தள்ளுங்கள். காலெட் வரை ஒரே சீராக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். எங்கேயாவது கை இறுகினால் அங்கே படி மாதிரி ஏற்றத்தாழ்வு இருக்கிறது.

ஃபீடரும் லேத்தும் பேசிக்கொள்வது

இரண்டுக்கும் நடுவே சில சிக்னல்கள்தான் ஓடுகின்றன. சக் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, ஃபீடர் ஆட்டோவில் இருக்கிறதா, தள்ளியது முடிந்ததா, பார் தீர்ந்துவிட்டதா, அலாரம் ஏதும் உண்டா. புரோகிராம் எழுதும் முன் இவற்றைக் கையால் ஒவ்வொன்றாகச் சோதித்துவிடுங்கள். லேத்தின் எமர்ஜென்சி பட்டனை அழுத்தினால் ஃபீடரும் நிற்க வேண்டும்; ஃபீடரின் பட்டனை அழுத்தினால் லேத்தும் நிற்க வேண்டும். ஃபீடரின் மூடியைத் திறந்தால் சைக்கிள் ஓடக் கூடாது. யாராவது அந்த இன்டர்லாக்கை ஒரு காந்தத் துண்டு வைத்து ஏமாற்றியிருந்தால், அதைச் சரிசெய்யும் வரை மெஷினைத் தொடாதீர்கள்.

மில்லிமீட்டர் கணக்கு

ஒரு எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். 25 மில்லிமீட்டர் பார், ஜாப் நீளம் 40, பார்ட்டிங் (ஜாப்பை அறுத்தெடுக்கும்) இன்சர்ட்டின் அகலம் 3, முகப்பைச் சீவும் ஃபேசிங்குக்கு 0.5. ஒவ்வொரு ஜாப்புக்கும் பார் முன்னே வர வேண்டிய தூரம் 40 + 3 + 0.5 = 43.5.

காலெட் பாரைப் பிடிக்க உள்ளே குறைந்தது 50 மில்லிமீட்டர் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்ட்டிங் டூலுக்கும் காலெட் முகத்துக்கும் இடையே 6 இடைவெளி. ஆக, 56-க்குக் கீழே எண்ட் பிட் போக முடியாது. புது பாரின் அறுத்த முகத்தைச் சுத்தம் செய்ய ஒரு முறை 2 மில்லிமீட்டர் போகும். 1200 மில்லிமீட்டர் பாரில் 1200 − 2 − 56 = 1142. அதை 43.5 ஆல் வகுத்தால் 26.25. ஆக 26 ஜாப், எண்ட் பிட் 67.

இப்போது 3 மில்லிமீட்டர் இன்சர்ட்டுக்குப் பதில் 2 போட்டால்? 1142-ஐ 42.5 ஆல் வகுத்தால் 26.87. அதே 26 ஜாப்தான்! மிச்சப்படுத்திய மெட்டீரியல் எல்லாம் எண்ட் பிட்டில் போய்ச் சேர்ந்துவிடும். அதே மாற்றத்தை 3000 மில்லிமீட்டர் பாரில், எண்ட் பிட்டுக்கு 150 ஒதுக்கிச் செய்தால் 65 ஜாப் 67 ஆகிவிடும், நூலிழையில். மெல்லிய இன்சர்ட் சீக்கிரம் உடையும் என்பதையும் சேர்த்து யோசித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இசட் பூஜ்யத்தை முடிந்த ஜாப்பின் முன்முகத்தில் வைத்தால், ஜாப்பின் பின்முகம் இசட் −40, பார்ட்டிங் முடிந்தபின் பார் நிற்கும் இடம் இசட் −43, காலெட் முகம் இசட் −49. இந்த மூன்று எண்ணையும் ஒரு தாளில் எழுதி மெஷினில் ஒட்டிவிடுங்கள். பார்ட்டிங் டூலை பாரின் முகத்தில் தொட்டு ஆஃப்செட் (டூல் இருக்கும் இடத்தின் அளவு) எடுக்கும்போது தொடுவது அதன் சக் பக்கத்து மூலை. அதனால் புரோகிராமில் −40 அல்ல, −43. இதை மறந்தால் ஜாப் 37-க்கு வந்து நிற்கும்.

புரோகிராம்

ஃபீடர் பாரைத் தள்ளும். அது எங்கே நிற்க வேண்டும் என்பதை டரட்டில் மாட்டிய ஸ்டாப்பர் சொல்லும். சிலர் ஸ்டாப்பரை நேராகக் கடைசி இடத்தில் நிறுத்திவிட்டு காலெட்டைத் திறப்பார்கள். 43 மில்லிமீட்டர் ஓடி வந்து பார் மோதும், கொஞ்சம் பின்னால் துள்ளும், அந்தத் துள்ளலோடு காலெட் பிடித்துவிடும். நீளம் ஜாப்புக்கு ஜாப் மாறும். அதைவிட, ஸ்டாப்பரை பாரின் முகத்துக்கு 2 மில்லிமீட்டர் அருகே கொண்டுபோய், காலெட்டைத் திறந்து, பார் வந்து தொட்டதும் ஸ்டாப்பரை மெதுவாகப் பின்னே நகர்த்தினால் பார் அதை ஒட்டிக்கொண்டே கூட வரும்.

எம்05
டி0101
ஜி0 எக்ஸ்0.0 இசட்5.0
ஜி98 ஜி1 இசட்−41.0 எஃப்3000.
எம்69
ஜி4 யூ1.0
ஜி1 இசட்0.5 எஃப்1500.
ஜி4 யூ0.5
எம்68
ஜி4 யூ1.0
ஜி0 இசட்50.0
ஜி99

இங்கே எம்05 ஸ்பிண்டிலை நிறுத்துவது, டி0101 ஸ்டாப்பரை அழைப்பது, ஜி0 வேகமான நகர்வு, ஜி1 ஃபீடில் நகர்வு, ஜி4 காத்திருப்பு, எம்69 காலெட்டைத் திறப்பது, எம்68 மூடுவது. பல மெஷின்களில் எம்11, எம்10 என்று இருக்கும். உங்கள் மெஷினின் கையேட்டைப் பார்த்துவிட்டே எழுதுங்கள். சில மெஷின்களில் காலெட் திறந்த சிக்னலே ஃபீடரைத் தள்ளவைக்கும். சிலவற்றில் தள்ளச் சொல்லத் தனி எம் கோடு உண்டு.

ஜி98-ஐக் கவனியுங்கள், நிமிடத்துக்கு இவ்வளவு என்ற ஃபீடு (டூல் நகரும் வேகம்) அது. ஸ்பிண்டில் நின்றிருக்கிறது. ஜி99-ல், அதாவது ஒரு சுற்றுக்கு இவ்வளவு என்ற ஃபீடில், சுற்றே இல்லாவிட்டால் நகர்வும் இல்லை. அலாரம் எதுவும் வராது, மெஷின் சும்மா நிற்கும். நான் முதல்முறை இதில் மாட்டியபோது காற்றழுத்தம், சிக்னல் ஒயர் எல்லாம் சோதித்து முடித்து, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கழித்துத்தான் திரையில் ஓரமாக இருந்த ஜி99 கண்ணில் பட்டது. வெளியே வரும்போது திரும்ப ஜி99 போட மறந்தால் விளைவு நேர்மாறு: சுற்றுக்கு 0.2 என்று நீங்கள் நினைத்த ஃபீடு நிமிடத்துக்கு 0.2 ஆகி, டூல் ஊர்ந்துகொண்டிருக்கும்.

புள்ளியையும் விடாதீர்கள். பல கன்ட்ரோல்களில் புள்ளியில்லாத 40 என்பது 0.040 மில்லிமீட்டர்.

ஸ்டாப்பர் இசட் −41 வரை போகும்போது காலெட் முகத்துக்கு 8 மில்லிமீட்டர்தான் மிச்சம். ஸ்டாப்பருக்கு ஒன்றும் ஆகாது. டரட்டில் அதற்குப் பக்கத்து ஸ்டேஷனில் நீட்டிக்கொண்டிருக்கும் டிரில் சக்கில் போய் இடிக்கும். பக்கத்து ஸ்டேஷன்களைக் காலியாக விடுங்கள்.

தள்ளும் அழுத்தத்தைக் குறைவாக வைத்துத் தொடங்கி, பார் தயங்காமல் வரும் அளவுக்கு மட்டும் ஏற்றுங்கள். மெல்லிய பாரில் அதிக அழுத்தம் கொடுத்தால் லைனருக்குள்ளேயே வில்லாக வளைந்துகொள்ளும்.

சர்வோ ஃபீடர்களில் ஸ்டாப்பரே தேவைப்படாமல் போகலாம். ஹாஸ் லேத்களில் ஜி105 என்ற ஒரே கட்டளையில் ஜெ என்று ஜாப் நீளத்தோடு பார்ட்டிங் அகலத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். ஐ என்பது முதல் தள்ளல், கே என்பது குறைந்தபட்சப் பிடிப்பு நீளம். மேலே போட்ட அதே கணக்குதான், எழுத்து மட்டும் வேறு.

வேகத்துக்கு ஒரு வார்த்தை. வெட்டு வேகம் நிமிடத்துக்கு 180 மீட்டர் என்றால் 25 விட்டத்தில் ஸ்பிண்டில் சுமார் 2290 சுற்று ஓடும். வெட்டு வேகத்தை மாறாமல் வைக்கும் ஜி96-ல் பார்ட்டிங் டூல் மையத்தை நோக்கிப் போகப் போக சுற்று ஏறிக்கொண்டே போகும். விட்டம் 5 ஆகும்போது 11,000-ஐத் தாண்டச் சொல்லும். ஜி50-ல் உச்ச வரம்பு போடாவிட்டால் மெஷின் தன் உச்சத்துக்கே போய்விடும், பின்னால் முழு நீள பாரோடு. அந்த வரம்பை இன்சர்ட்டைக் கேட்டுப் போடாதீர்கள், பாரைக் கேட்டுப் போடுங்கள். 1000 சுற்றில் தொடங்கி, அதிர்வைக் கவனித்துக்கொண்டே நூறு நூறாக ஏற்றுங்கள்.

பார் தீர்ந்தால்

பார்ட்டிங் முடிந்ததும் ஒரு கேள்வி: இன்னொரு ஜாப்புக்கு பார் இருக்கிறதா? வழக்கமான ஏற்பாட்டில் ஃபீடரின் 'பார் தீர்ந்தது' சிக்னல் கன்ட்ரோலின் பிளாக் ஸ்கிப்பை (சாய்கோடு போட்ட வரிகளைத் தாண்டிப் போகும் வசதி) இயக்கும். அதனால் பார்ட்டிங்குக்கு அடுத்த வரியாகச் சாய்கோடு போட்டு எம்99 எழுதுகிறோம். பார் இருக்கும்வரை அந்த வரி வேலை செய்து, புரோகிராம் தொடக்கத்துக்குத் திரும்பும். பார் தீர்ந்ததும் அந்த வரியைத் தாண்டி, கீழே எழுதியிருக்கும் புது பார் வரிகளுக்குள் நுழையும்: டரட் ஒதுங்கி எண்ட் பிட் விழ இடம் விடுவது, ஃபீடருக்கு லோடு கட்டளை, ஸ்டாப்பர் இசட் −41-ல், காலெட் மூடுவது, பார்ட்டிங் டூலால் இசட் −43-ல் முகப்பு வெட்டு. கடைசியில் சாய்கோடு இல்லாத எம்99. பார் முகம் −43-ல் நிற்பதால் மேலே உள்ள தள்ளல் வரிகள் அப்படியே பொருந்திவிடும். சில மெஷின்களில் சிக்னல் தலைகீழாக இணைக்கப்பட்டிருக்கும்; ஒரு முறை கையால் சோதித்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. கன்ட்ரோல் சில வரிகளை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும். சிக்னல் வருவதற்குள் சாய்கோட்டு வரியைப் படித்துவிட்டால், தீர்ந்துபோன பாரை இன்னொரு முறை தள்ளப் பார்க்கும். அதற்கு முந்தைய வரியில் முன்படிப்பை நிறுத்தும் எம் கோடு ஒன்று வேண்டும். எது என்று மெஷின் கையேட்டில் இருக்கும்.

எம்99-ல் சுற்றிக்கொண்டிருக்கும்போது ஜாப் கவுன்ட்டர் தானாக ஏறாது. ஃபனுக்கில் எந்த எம் கோடுக்கு எண்ண வேண்டும் என்பதைப் பாராமீட்டர் 6710-ல் கொடுக்கலாம்.

முதல் ஓட்டம்

முதலில் பார் இல்லாமல், சிங்கிள் பிளாக்கில் (ஒவ்வொரு வரியாக), ரேபிடை (வேகமான நகர்வு) 25 சதவீதத்தில் வைத்து முழுதாக ஓட்டுங்கள். பார் இல்லாததால் ஃபீடர் அலாரம் கொடுக்கும், அதை அதன் திரையில் தற்காலிகமாகச் சோதனை முறைக்கு மாற்றிக்கொள்ளலாம். அப்புறம் பார் போட்டு, அதே நிதானத்தில் ஒரு ஜாப்.

முதல் ஜாப்பின்போது காலெட் முகத்தையும் பாரையும் சேர்த்து மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். வெட்டு முடிந்ததும் கோடு முறிந்திருந்தால் பார் பிடியில் வழுக்குகிறது. காலெட் அழுத்தத்தையோ அளவையோ பாருங்கள். கோடு நேராக இருந்தும் நீளம் மாறினால், காலெட்டுக்குள் சிப்ஸ் (வெட்டிய உலோகத் துகள்) இருக்கலாம், அல்லது பார் ஸ்டாப்பரைத் தொடாமலே பிடிபடுகிறது. எல்லா ஜாப்பும் ஒரே அளவாகக் குறைந்து வந்தால் பதற வேண்டாம்: சில காலெட்டுகள் மூடும்போது பாரைக் கொஞ்சம் உள்ளே இழுக்கும். ஃபேசிங்குக்கு விட்ட 0.5 அதை விழுங்காவிட்டால் ஸ்டாப்பர் இடத்தை அதற்கேற்ப காலெட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

பார்ட்டிங் இன்சர்ட் உடைந்து ஜாப் விழாமல் நின்றுவிட்டால், அடுத்த சுற்றில் ஸ்டாப்பர் நேரே அதில் போய் மோதும். ஜாப் அறுந்ததா என்று சோதிக்கும் வசதி மெஷினில் இருந்தால் அதை முதல் நாளே இயக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் இன்சர்ட்டை எத்தனை ஜாப்புக்கு ஒருமுறை மாற்றுவது என்று ஒரு எண்ணை முடிவு செய்து, தேய்ந்ததோ இல்லையோ மாற்றிவிடுங்கள்.

ஐந்து ஜாப் அளந்து சரியாக வந்ததும் எழுந்து போகத் தோன்றும். போகாதீர்கள். முதல் பார் தீர்ந்து, எண்ட் பிட் விழுந்து, இரண்டாவது பார் ஏறி, அதன் முகப்பு வெட்டு முடிந்து, அதிலிருந்து முதல் ஜாப் கையில் வரும்வரை கதவருகே நில்லுங்கள். விழுந்த எண்ட் பிட்டையும் எடுத்து அளந்து பாருங்கள். 67 வர வேண்டிய இடத்தில் 110 வந்தால் கணக்கில் ஒரு ஜாப் எங்கேயோ தொலைகிறது. ஃபீடரில் போட்ட குறைந்தபட்ச நீளத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.